கொஞ்சம் கஷ்டம் என்பதற்கு அரபுச் சொல்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

மகள் அனுஷியாவுக்கு அப்பா எழுதுவது.

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் வழக்கம். இந்தக் கடிதத்தில் அதை விட்டுவிடுகிறேன். நீ என்னிடம் ஒரு மொழிபெயர்ப்பு வேலை கேட்டிருக்கிறாய். அந்த வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீ மஸ்கட்டிலிருந்து அனுப்பிய இங்கிலிஷ் தாளை இரண்டாம் மாடி கொன்ஸ்ரன்ஸ் தன் போனில் காட்டினா. எழுத்துப் பொடியாக இருந்தபடியால் காலி வீதிக் கடையில் அச்செடுத்தும் கொண்டுவந்து தந்தா. அப்படியே உன்னோடு இரண்டு வார்த்தை கதைக்கச் சொன்னா. நான் கதைக்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டில் யோகராஜ் மாமா போனை உயர்த்திப் பிடித்து, பெட்டிக்குள் கிடந்தவவை உனக்குக் காட்டிக்கொண்டு நின்றார். நீ அந்தக் கண்ணாடிக்குள் இருந்து அழுதாய். வந்த சனம் அம்மாவைப் பார்த்துவிட்டு உன்னையும் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்தச் சாமானைக் காதில் வைக்க எனக்கு மனமில்லை. தாளில் எழுதித் தருகிறேன், கொன்ஸ்ரன்ஸ் படம் பிடித்து அனுப்புவா. நீ எழுதுவதை அவ எனக்கு வாசித்துக் காட்டுவா. மகளோடு கோபம், ஆனால் கடிதம் மட்டும் பரீட்சைத் தாள் மாதிரிப் பக்கம் பக்கமாகப் போகிறது, டேட்டா காசு மட்டும் தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போனா.

நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார். நீ பார்த்துக்கொள்ளும் வயசான மனுசி உம்மு ஹிலாலுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்திருக்கிறார்கள். இப்போது தினமும் நடந்து பழக வேண்டும். நடக்கும்போது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவ சொல்லுவதை வைத்துத்தான் டொக்டர் தூரத்தைக் கூட்டுவார். 'கொஞ்சம் கஷ்டம்' வரை போகலாம், 'கஷ்டம்' என்றால் நிற்பாட்ட வேண்டும். தனியாகப் படி ஏறி இறங்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அந்த வீட்டார் உனக்கு லீவு தருவார்கள். ஆஸ்பத்திரி அரபுத் தாளும் கொடுத்ததாம். மகன் வாசித்துக் காட்டினால், செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று அவ தலையைத் திருப்பிக்கொள்கிறாவாம். அதனால் வீட்டில் பேசுகிற அரபில், நீ வாசிக்கத் தமிழ் எழுத்தில் வேண்டும் என்கிறாய்.

அம்மா செத்த கிழமைதான் உம்மு ஹிலாலுக்கு ஒப்பரேஷன். நீ அங்கே நின்றுவிட்டாய். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

சாம்பல் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. பல்கணித் தட்டில், வெள்ளைத் துணியால் கட்டி வைத்திருக்கிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு முகத்துவாரக் கடலில் கரைத்திருக்க வேண்டும் என்று ஐயர் சொல்கிறார். கொள்ளி வைத்தவர் நீங்கள், நீங்கள் கரைத்தால் போதும், பெண்பிள்ளை வரத் தேவையில்லை என்கிறார். யோகராஜ் மாமா கிருலப்பனையிலிருந்து இரண்டு தடவை வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனார். நான் ஒன்றுதான் சொன்னேன். அவ பெற்றது ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையின் கை பட்டுத்தான் அவ கடலுக்குப் போவா. இதில் மாற்றம் இல்லை.

இனிச் சொற்கள். அந்தத் தாளில் எண்கள் ஆறில் தொடங்கி இருபதில் முடிகின்றன. ஒன்றில் தொடங்காத கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாடித் துடிப்பை வைத்துப் போட்ட கணக்காம், கொன்ஸ்ரன்ஸ் யாரிடமோ கேட்டுச் சொன்னா. இருக்கட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் கஷ்டத்துக்கு இருக்கும் சொல் எல்லாம் ஒரே சொல்தான், ஹார்ட். கல்லும் ஹார்ட், கணக்குப் பாடமும் ஹார்ட், படி ஏறுவதும் ஹார்ட். இங்கிலிஷ்காரனுக்குக் கஷ்டப்பட்ட பழக்கம் இல்லைப் போலிருக்கிறது என்றேன். கொன்ஸ்ரன்ஸ் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவ, விடுவாவா. டொயில், ஸ்ட்ரெயின், லேபர், ஹார்ட்ஷிப் என்று விரல் மடக்கினா. நீங்கள் தனியாகப் படித்த புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் கிழிந்திருக்கும், மிஸ்டர் ராசரத்தினம் என்றா.

நான் தனியாகத்தான் படித்தேன். குவைத் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. சாக்கில் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்துத்தான் அரபு பிடித்தேன். ஆள் குறைந்த நாட்களில் எண்ண வந்தவனையும் தூக்க விட்டார்கள், பேச்சு அங்கே வந்தது. பிறகு கொட்டாஞ்சேனையில் மேசை போட்டிருந்து, வெளிநாடு போகிறவர்களின் ஒப்பந்தங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். சான்றிதழ் இல்லையென்று கடைசிவரை எனக்கு மொழிபெயர்ப்பாளர் முத்திரை தரவில்லை. நீயும் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் முத்திரை இல்லாத அரபு என்று சிரித்தவள்தான். இப்போது அதைத்தான் கேட்கிறாய்.

இலேசு என்பதற்கு கஃபீஃப். இதில் பிரச்சினை இல்லை. கஷ்டம் என்பதற்கு ஸஅப் என்று எல்லோரும் சொல்வார்கள். போடாதே. அது பரீட்சைக்கும் பாதைக்கும் சொல்லுகிற சொல். உடம்புக்கு தஅப். கொஞ்சம் கஷ்டம் என்பதற்கு ஷ்வய் தஅப். கஷ்டம் என்பதற்கு தஅபானா, பெண் என்றபடியால் ஆனா என்று முடிய வேண்டும். மிகக் கஷ்டம் என்பதற்கு ஹல்கானா. இனி முடியாது என்கிற கடைசி இடத்துக்கு அக்ஸா ஜுஹ்த், இருக்கிற முயற்சி முழுவதும் என்று கருத்து.

மருந்துக்கடை ஷாமில் அரபு மதரசாவில் ஓதியவன். அவனிடமும் காட்டினேன், கேட்க அல்ல, காட்டத்தான். மிகக் கஷ்டத்துக்கு மஷக்கா என்று போடச் சொன்னான். நோயாளி நோன்பை விடலாம் என்கிற இடத்தில் வருகிற சொல்லாம், ஓதாத கிழவிக்கும் தெரியுமாம். அது புத்தகச் சொல் என்றேன். உங்கட அரபு ஹாபர் அரபு ஐயா, துறைமுகத்தில் மூட்டை தூக்கத்தான் சரி, மனுசரைத் தூக்க ஏலாது என்று கடையில் நின்றவர்களுக்கும் கேட்கச் சொன்னான். நான் ஹல்கானாவை மாற்றவில்லை.

சொற்களை வேகமாகச் சொல்லாதே. ஒவ்வொன்றாகச் சொல்லி அவவின் முகத்தைப் பார்.

இப்படிக்கு,
அப்பா
இராசரத்தினம்


வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை.

மகள் அனுஷியாவுக்கு,

உன் பதிலை கொன்ஸ்ரன்ஸ் வாசித்தா. ஹல்கானா என்று நீ கேட்டதும் உம்மு ஹிலால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாவாம், தையல் நோகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாவாம். செத்துப் போனாயா என்று கேட்கிறாள் பார் என்று மருமக்களைக் கூப்பிட்டுச் சொன்னாவாம். நாங்கள் துறைமுகத்தில் ஒரு நாளில் பத்துத் தடவை அந்தச் சொல்லைச் சொன்னோம், ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அவ நெஞ்சு வெட்டின மனுசி. ஷாமிலின் மஷக்காவையே அந்த இடத்தில் போடு. இதை ஷாமிலுக்குச் சொல்ல வேண்டாம் என்று கொன்ஸ்ரன்ஸிடம் சொல்லியிருக்கிறேன். அவ சொல்லியிருப்பா.

மற்றது பெரிய விஷயம். சொற்கள் எல்லாம் அவவுக்கு விளங்குகின்றன, ஆனால் எதைக் கேட்டாலும் அல்ஹம்துலில்லா என்கிறா என்று எழுதியிருக்கிறாய். அறைக்குள் நடந்தாலும் அதுதான், வாசல் கேற் வரைக்கும் போய் வந்து மூச்சு வாங்கினாலும் அதுதான். அவவின் மகன் அதை இலேசு என்று டொக்டருக்குச் சொல்கிறான், டொக்டர் தூரத்தைக் கூட்டுகிறார். இதைவிடப் பொருத்தமான சொற்கள் இருக்கின்றனவா என்று கேட்கிறாய்.

சொற்களில் பிழை இல்லை, பிள்ளை. இதை நான் இங்கே பார்த்திருக்கிறேன்.

அம்மாவை நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது உனக்கு எல்லாவற்றையும் போனில் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவதான் மறித்தா. அங்கேயும் நடக்க விட்டார்கள். வார்டு நீளத்துக்கு, நடை பழக்குகிற ஒரு சின்னப் பெட்டை கூட நடப்பாள், நல்ல மரியாதையான சிங்களப் பிள்ளை. திரும்பி வந்து கட்டிலில் இருந்ததும் அமாருத அம்மே என்று கேட்பாள், கஷ்டமா என்று. அம்மா சிரித்துக்கொண்டு கமக் நே என்பா. தமிழ் தெரிந்த நேர்ஸ் கேட்டால் அதையே தமிழில் பரவாயில்லை என்பா. அந்தப் பெட்டை கட்டில் தலைமாட்டில் தொங்கின தாளில் இலேசு என்று குறிப்பாள். சொன்னதைத்தானே எழுதலாம். விருந்துக்குப் போன இடத்தில் சாப்பாடு காணுமா, போதுமா என்று கேட்டால் ஒருவர் என்ன சொல்வாரோ அதைத்தான் அம்மா சொன்னா. தன்னைக் கவனிக்கிற பிள்ளைக்கு மனவருத்தம் கொடுக்கக் கூடாது என்று. உன் உம்மு ஹிலாலும் அதைத்தான் செய்கிறா. அல்ஹம்துலில்லா என்றால் இலேசு இல்லை. கமக் நே என்றாலும் இல்லை. உன்னைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்கிறா, அவ்வளவுதான்.

படி ஏறலாம் என்று எழுதி அம்மாவை வீட்டுக்கு விட்டார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பது உனக்குத் தெரியும். முதல் முறை ஆட்டோக்காரனும் நானும் கதிரையில் வைத்துத் தூக்கினோம். அடுத்த கிழமை கிளினிக் போய் வந்தபோது தானே ஏறுகிறேன் என்றா. நான் கதவைத் திறக்கச் சாவியோடு முன்னால் போனேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில், கொன்ஸ்ரன்ஸின் கதவடியில் அவ படியில் குந்திவிட்டா. கஷ்டமா என்று மேலே நின்று கேட்டேன். பரவாயில்லை என்றா. அதுதான் அவ கடைசியாகச் சொன்னது.

இதை உனக்கு எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

யாரைக் குறை சொல்வது என்று தேடிப் பார்த்தேன். அந்தப் பெட்டையை ஒருநாள் காலி வீதியில் பஸ் ஹோல்டில் கண்டேன். அங்கிள், அம்மாவுக்கு எப்படி என்று கேட்டாள். கமக் நே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்று இருக்கிறது. வார்டில் நடக்கத் தொடங்கி இரண்டு மூன்று நாளில், அந்தப் பிள்ளை அப்பால் போன பிறகு, சித்திரை மாதம் கோண்டாவில் கிணற்றில் தண்ணி அள்ளினது மாதிரிக் கிடக்கு என்று அம்மா சொன்னா. சித்திரையில் அந்தக் கிணற்றில் தண்ணி அடிக்குப் போய்விடும், கயிற்றுக்கு மேல் கயிறு முடிந்து இழுப்பார்கள். ஊர் ஞாபகத்தில் சொல்கிறா என்று இருந்துவிட்டோம். அதுதான் பதில். அந்தக் கேள்விக்கு அவ கொடுத்த ஒரே பதில் அது. அது தாளில் ஏறவில்லை.

ஆகவே இப்படிச் செய். கஷ்டமா என்று கேட்கிறதை இன்றோடு நிறுத்து. நடந்து வந்து இருந்த பிறகு, நீங்கள் குமரியாக இருந்தபோது செய்த எந்த வேலை மாதிரி இது என்று கேள். மித்ல் ஏய் ஷுகுல் என்றால் எந்த வேலை மாதிரி. அதற்கு அல்ஹம்துலில்லா என்று பதில் சொல்ல முடியாது, ஒரு வேலையின் பேரைச் சொல்லத்தான் வேண்டும். அவ மலைக் கிராமத்துப் பெண் என்று எழுதியிருந்தாய், வேலை தெரியாமல் வளர்ந்திருக்கமாட்டா. எந்த வேலை எவ்வளவு பாரம் என்று வீட்டில் மற்ற வயசான பெண்களிடம் கேட்டு, அதை எண்ணுக்குப் பக்கத்தில் எழுது. நான் தந்த சொற்களை அடித்துவிடலாம். அதில் எனக்கு வருத்தமில்லை.

அப்பா
இராசரத்தினம்


வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை.

மகள் அனுஷியாவுக்கு,

உன் நீண்ட பதில் வந்தது. கொன்ஸ்ரன்ஸ் பாதி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீதியை வாசித்தா.

அறைக்குள் நடப்பது கோப்பிக் கொட்டை வறுப்பது மாதிரி. முற்றத்தைச் சுற்றி வருவது, வாய்க்காலில் இருந்து தலையில் தண்ணி தூக்கி வருவது மாதிரி. கேற் மட்டும் போய் வருவது, பெருநாளுக்கு ஹரீஸ் கஞ்சிக்குக் கோதுமையை உலக்கையால் இடிப்பது மாதிரி. அதைச் சொல்லும்போது இரண்டு கையையும் தூக்கி இடித்தும் காட்டினாவாம். மற்றக் கிழவிகளும் சேர்ந்துகொண்டு, ஹரீஸா பாரம், விறகா பாரம் என்று சண்டை பிடித்தார்களாம். முழுப் பின்னேரமும் வீட்டில் ஒரே சிரிப்பு என்று எழுதியிருந்தாய்.

அதற்குப் பிறகு எழுதியிருப்பதுதான் விஷயம். கேற் மட்டும் போவது அவவுக்கு இலேசு இல்லை, நிற்பாட்ட வேண்டிய இடத்தையும் தாண்டினது. நீ அப்படியே சொன்னால் டொக்டர் தூரத்தைக் குறைப்பார், திரும்ப அறைக்குள் இருந்து தொடங்க வேண்டும். படி ஏறுகிற கதை எப்போதோ. உன் லீவும் எப்போதோ. டொக்டருக்கு இன்னும் சொல்லவில்லை, ஹரீஸ் இடிப்பதைத் தண்ணி தூக்குவது என்று மாற்றிச் சொன்னால் யாருக்கும் தெரியாது, மாத முடிவுக்குள் வந்து அம்மாவின் காரியத்தைச் செய்யலாம், என்ன செய்யட்டும் அப்பா என்று கேட்டிருக்கிறாய்.

கொன்ஸ்ரன்ஸ் வாசிப்பதை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தா. என்னிடம் இப்படிக் கேட்பாய் என்று நான் நினைக்கவில்லை. நீ கேட்டதில் பிழையும் இல்லை. பிள்ளை வந்துதான் கரைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்.

மாற்றிச் சொல்லாதே. அவ சொன்னதைச் சொன்னபடி டொக்டருக்குச் சொல். இலேசு என்று எழுதின தாள் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது, இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டாம். ஒப்பந்தத்தில் அரபியில் பன்னிரண்டு மணித்தியாலம் என்று இருந்தால் நான் தமிழில் எட்டு என்று எழுதிக் கொடுத்ததில்லை, போகிறவர்கள் அழுதாலும். முத்திரை தராதவர்கள் அதைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

நேற்று யோகராஜ் மாமா திரும்பவும் வந்தார். செத்தவவைத் தட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள், அவவுக்கும் போக வழியில்லை, எங்களுக்கும் ஒரு நல்லது கெட்டது செய்ய வழியில்லை, நீங்கள் மனுசரா அத்தான் என்று கேட்டார். பிள்ளை வரும் வரைக்கும் இருக்கும் என்றேன். எப்போது வருவாள் என்றார். கேற் மட்டும் போய் வருவது கோப்பி வறுப்பது மாதிரி ஆன பிறகு என்றேன். அவருக்கு விளங்கவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஐயரிடம் நான் கதைத்துக்கொள்வேன். அவர் நாள் பார்க்கிறவர், வேறு ஒரு நாள் பார்க்கட்டும்.

உம்மு ஹிலால் உன்னிடம் இந்தக் கேள்வியை யார் சொல்லித் தந்தது என்று கேட்டதாகவும், அப்பா என்று சொன்னதும் உன் அப்பா எப்படியிருக்கிறார் என்று விசாரித்ததாகவும் எழுதியிருக்கிறாய். நல்ல சுகம் என்று சொல்லிவிட்டாயாம். பிறகு உண்மையில் எப்படி அப்பா என்று என்னிடம் கேட்கிறாய்.

பரவாயில்லை என்று எழுதினேன். பிறகு வெட்டினேன். வெட்டினது படத்தில் உனக்குத் தெரியும்.

காலையில் எழும்பி ஒரு ஆளுக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றுவது, ஆவணி வெயிலில் குவைத்தில் நின்று சீமெந்து மூட்டை இறக்கினது மாதிரி இருக்கிறது. இரண்டாம் மாடித் திருப்பத்தைத் தாண்டி மேலே வருவதற்கு ஒரு வேலையையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்ற எல்லாம் கோப்பி வறுப்பது மாதிரித்தான்.

அவ என்றைக்குப் படி ஏறுகிறாவோ அன்றைக்கு நீ முன்னால் போகாதே. கதவு, விளக்கு, தண்ணி, எதுவாக இருந்தாலும் வேறு ஆள் பார்க்கட்டும். நீ ஒரு படி கீழே, அவவுக்குப் பின்னால் நில். அவ மேலே போய்ச் சேர்ந்து, இருந்து, மூச்சு வாங்கி, அது எந்த வேலை மாதிரி இருந்தது என்று தன் வாயால் சொன்ன பிறகு புறப்படு. அம்மா தட்டில் இருக்கிறா. நானும் இங்கேதான். நீ வருகிற அன்றைக்குக் கதவைப் பூட்டமாட்டேன்.

அந்த மனுசி நல்லாக நடக்க வேண்டும். நீயும்.

அப்பா